இருவர் பெயரில் ஒரு காசோலை

அபிராமபுரம்
10 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

அண்ணா ராமானுஜம் ஆசீர்வாதம். இங்கே இருப்பது நான் ஒருவன்தான் என்பதால் அனைவரும் நலம். உன் நலத்துக்கும், கல்யாணம் ஆகி இரண்டு மாதமான உன் பிள்ளை ஸ்ரீகிருஷ்ணாவின் நலத்துக்கும், மாட்டுப்பெண் ஸ்நேஹாவின் நலத்துக்கும் விவரமாக எழுது.

பல நாள் யோசித்து, சாதக பாதகங்களை இரண்டு பத்தியாக எழுதிப் பார்த்து, நேற்று மாலை காபிக்குப் பிறகு ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இனி உன்னுடன் தொலைபேசியில் பேசுவதில்லை. எல்லாம் கடிதத்தில்தான். முடிவு இன்று காலை அமலுக்கு வந்துவிட்டது. லஸ் தபால் நிலையத்தில் இன்லண்ட் கடிதம் ஒரு கட்டு கேட்டேன். கவுன்டரில் இருந்தவர் உள்ளே போய் மேலதிகாரியைக் கூட்டிவந்தார். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

காரணம் சொல்கிறேன். உன்னிடம் ஒரே கேள்வியை மூன்று முறை போனில் கேட்டேன். முதல் முறை குக்கர் கத்தியது. அடுத்த முறை வாசலில் கூரியர்காரன் வந்துவிட்டான். அதற்கடுத்த முறை, "சிக்னல் இல்லை அண்ணா" என்று மிகத் தெளிவான குரலில் சொல்லிவிட்டு வைத்தாய். கடிதத்தில் இந்த வசதிகள் கிடையாது. அபிராமபுரத்துக்கும் அடையாறுக்கும் நடுவே ஓடுவது ஒரே ஓர் ஆறு. அதைக் கடக்கத் தபால் இலாகாவுக்கு மூன்று நாள் ஆகிறது என்கிறார்கள். நான் காத்திருப்பேன்.

கேள்வி இதுதான். கல்யாணத்தன்று நான் தம்பதிக்கு ஐயாயிரத்து ஒரு ரூபாய்க்கு ஒரு காசோலை கொடுத்தேன். அது இன்றுவரை காசாக்கப்படவில்லை. ஏன்?

பணத்தைப் பற்றிய கவலை அல்ல இது. எங்கள் ஓய்வு பெற்றோர் சங்கத்தின் மாத இதழில் வங்கிச் சொற்களை விளக்கி ஒரு பகுதி எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். அடுத்த சொல் 'காசாக்குதல்'. பொருள் எழுதியாகிவிட்டது: "தாளில் இருக்கும் தொகையைக் கையில் இருக்கும் பணமாக மாற்றிக்கொள்வது." இனி உதாரணம் வேண்டும். என் சொந்தக் காசோலையையே உதாரணமாகக் காட்டலாம் என்று நினைத்தேன். அது பாதியில் நிற்கிறது.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
22 ஏப்ரல் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயா நமஸ்காரம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடி ஏறாதீர்கள். துணியைக் கீழேயே காயப்போடச் சொல்லுங்கள்.

கடிதம் கிடைத்தது. தபால்காரர் என் கையில்தான் கொடுப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். இந்தத் தெருவில் கையால் எழுதிய கடிதம் கொடுத்து வெகு காலம் ஆகிறதாம்.

காசோலை பத்திரமாக இருக்கிறது. சுவாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்கு அடியில் வைத்திருக்கிறேன். குழந்தைகளுக்கு நேரமே இல்லை. அவனுக்குக் காலையிலிருந்து ராத்திரி வரை கம்ப்யூட்டரில் மீட்டிங். அவளுக்கு டப்பிங் ஸ்டூடியோவில் வேலை. எப்போது கூப்பிடுவார்கள், எப்போது விடுவார்கள் என்று சொல்ல முடியாது. பார்க்கலாம்.

வெயில் இப்போதே தாங்கவில்லை. மிக்ஸி ரிப்பேருக்குப் போயிருக்கிறது. அதனால் துவையல், சட்னி எதுவும் இல்லை. பத்து நாளாக ரசமும் அப்பளமும்தான். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வருவதாக இருந்தால் வேண்டாம். அடுத்த மாதம் வாருங்கள்.

நமஸ்காரங்களுடன்,
ஜெயா

*

அபிராமபுரம்
25 ஏப்ரல் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஆசீர்வாதம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. துணி இன்னும் மாடியில்தான் காய்கிறது.

உன் பதிலில் முழங்கால் இருந்தது, வெயில் இருந்தது, அப்பளம் இருந்தது. காசோலை பற்றி இருந்தது ஒரு வரி. அதுவும் அது எந்தச் சிமிழுக்கு அடியில் இருக்கிறது என்பது. காசோலை பிரசாதம் அல்ல.

நிலைமையை விளக்குகிறேன். அந்தக் காசோலை 'ஸ்ரீகிருஷ்ணா மற்றும் ஸ்நேஹா' என்று இருவர் பெயருக்கு எழுதப்பட்டது. மூலையில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். அதனால் அதைக் கவுன்டரில் நீட்டி நோட்டு வாங்க முடியாது. இருவர் பெயரிலும் கூட்டுக் கணக்கு ஒன்று இருக்க வேண்டும். அதில் போட்டுத்தான் காசாக்க முடியும். கல்யாணம் ஆனவர்களுக்குக் கூட்டுக் கணக்கு இருக்கும் என்று நான் எடுத்துக்கொண்டேன். இல்லை என்றால் தொடங்கட்டும். நான் ஓய்வு பெற்ற கிளையில் இப்போது ஷண்முகப்ரியா என்று ஒரு அதிகாரி இருக்கிறாள். கெட்டிக்காரி. அவளிடம் சொல்லிவைத்திருக்கிறேன். புகைப்படம், ஆதார், பான் அட்டையுடன் இருவரும் ஒருமுறை வந்தால் போதும்.

காசோலைக்கு ஆயுள் மூன்று மாதம். மே மாதம் பத்தாம் தேதியோடு அது வெறும் தாள்.

கட்டுரைக்கு இன்னொரு உதாரணமும் யோசித்தேன். எடுக்காத விடுப்பைக்கூடக் காசாக்கலாம். நான் காசாக்கியிருக்கிறேன். உன் கல்யாணத்துக்கு முதல் நாள் இரவு வந்து, தாலி கட்டியதும் கிளம்பிப்போய்ச் சேமித்த விடுப்பும் அதில் உண்டு. நல்ல தொகை வந்தது. ஆனால் காசோலை உதாரணம்தான் வாசகர்களுக்கு எளிது.

பின்குறிப்பு: என் மிக்ஸி பழுதானபோது ஒரே பகலில் சரிசெய்து கொடுத்தார்கள். நீ கொடுத்திருக்கும் கடையை மாற்று.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
19 மே 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஜெயா நமஸ்காரம். உடனே பதில் எழுத முடியவில்லை. கையில் லேசாக வீக்கம், வேறொன்றும் இல்லை.

பத்தாம் தேதி தாண்டிவிட்டது. உங்கள் காசோலை வீணாகிவிட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று தருவதாக இருந்தால் ஸ்ரீகிருஷ்ணா பெயருக்கு மட்டும் எழுதுங்கள். அவனுக்கு ஏற்கெனவே கணக்கு இருக்கிறது. போனிலேயே படம் எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்கிறான். வேலை சுலபமாக முடியும்.

மாங்காய் வந்துவிட்டது. ஆவக்காய் போட்டால் உங்களுக்கு ஒரு ஜாடி அனுப்புகிறேன். இந்த வருஷம் போடுவேனா தெரியவில்லை. கடுகு அரைக்க வேண்டுமே. மிக்ஸிக்கு ஏதோ உதிரி பாகம் கிடைக்கவில்லையாம்.

ஜெயா

*

அபிராமபுரம்
23 மே 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஆசீர்வாதம். கை வீக்கத்துக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. எழுத்து கோணவில்லை என்பதால் அது இடது கை என்று நினைக்கிறேன்.

ஒருவர் பெயருக்கு மட்டும் எழுதச் சொல்கிறாய். யோசித்தேன். இயலாது. நான் அன்பளிப்புக் கொடுத்தது உன் பிள்ளைக்கு அல்ல. அவனுக்குப் பூணூலன்றைக்கே கொடுத்தாயிற்று. இது கல்யாணத்துக்குக் கொடுத்தது. கல்யாணத்தில் மணையில் இருவர் உட்கார்ந்திருந்தார்கள், நான் பார்த்தேன். ஆகவே இன்றைய தேதியிட்டுப் புதுக் காசோலை எழுதி, இந்த முறை இன்லண்டுக்குப் பதில் கவரில் வைத்திருக்கிறேன். அதே தொகை, அதே இரண்டு பெயர், அதே இரண்டு கோடு.

வேறொரு செய்தி. போன ஞாயிறு என்னுடன் வேலை பார்த்த ஒருவரின் பேத்திக்கு வடபழனி கோயிலில் கல்யாணம். போயிருந்தேன். சாப்பாடு சுமார். திரும்பும்போது பேருந்துப் பணிமனைக்கு எதிரே ஒரு ரிப்பேர் கடை வாசலில் ஸ்நேஹாவைப் பார்த்தேன். கையில் மிக்ஸி வைத்திருந்தாள். "என்னம்மா, இங்கே?" என்றேன். "பிளேடு சாணை பிடிக்கணும் மாமா" என்றாள். பக்கத்தில் அவள் அம்மா நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, எதிரில் வந்த பேருந்தின் எண்ணை வெகு நேரம் படித்துக்கொண்டிருந்தார்.

உன் மிக்ஸியைச் சரிசெய்ய வடபழனி வரை அனுப்பியிருக்கிறாய் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அடையாறிலேயே நல்ல கடைகள் உண்டு.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
30 ஜூன் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நான் சௌக்கியம். கையில் வீக்கம் எதுவும் இல்லை. இருந்ததும் இல்லை.

மிக்ஸியும் பழுதாகவில்லை. அது ஸ்நேஹாவின் அம்மா கல்யாணச் சீராகக் கொடுத்தது. மார்ச் மாதக் கடைசியில் அவள் கிளம்பிப்போனபோது எடுத்துக்கொண்டு போனாள். துணிமணியும் மிக்ஸியும்தான் எடுத்துப்போனாள். நகையைக்கூட வைத்துவிட்டுத்தான் போனாள், அது நாம் போட்டது என்று.

என்ன நடந்தது என்று கேட்பீர்கள். சொன்னால் உங்களுக்குப் புரியுமா தெரியவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கத்தவில்லை. இந்தக் காலத்துக் குழந்தைகள் செலவை எல்லாம் போனில் ஒரு ஆப்பில் போடுகிறார்கள். வாடகை, பால், கரண்ட், சினிமா டிக்கெட், எல்லாம் பாதி பாதி. மாதக் கடைசியில் யார் யாருக்குத் தர வேண்டும் என்று அதுவே சொல்லிவிடும். இருவரும் சேர்ந்து வைத்துக்கொண்ட ஏற்பாடுதான். எனக்கும் நல்லதாகத்தான் தோன்றியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மா முதல் தடவையாக நம்மாத்துக்குச் சாப்பிட வந்தார். ஸ்நேஹா ராத்திரி முழுக்க ஸ்டூடியோவில் இருந்துவிட்டு வந்திருந்தாள் என்று இவன் ஓட்டலிலிருந்து சாப்பாடு வரவழைத்தான். நான்கு பேரும் சாப்பிட்டோம். இன்னும் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஸ்நேஹாவின் போன் மணி அடித்தது. அவள் கை எச்சிலாக இருந்ததால் அவள் அம்மாதான் எடுத்துப் பார்த்தார். 'ஸ்நேஹா, விருந்தினர் ஒருவர்: இரண்டு பங்கு' என்று வந்திருந்தது. நாலில் இரண்டு எங்கள் பங்கு, இரண்டு அவர்கள் பங்கு. இவன் பழக்க தோஷத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ஆப்பில் போட்டுவிட்டிருக்கிறான்.

அந்த அம்மா மோர் சாதத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தார். ஸ்நேஹா கையைக் கழுவிக்கொண்டு வந்து பணத்தை அனுப்பினாள். பிறகு சொன்னாள்: "எங்கம்மா சாப்ட்டதுக்கு நான் குட்த்துட்டேன். கல்யாணத்துக்கு முன்னால நீ எங்க வீட்ல எத்தினி நாள் சாப்ட்டுகினு இருந்த? அதுக்கு எங்கம்மா எப்ப பில்லு அனுப்பிச்சாங்க?"

இவன் என்னைப் பார்த்தான். "ஏம்மா, நான் ஒண்ணும் தப்பாப் போடலையே. நாலு பேர் சாப்ட்டோம், நாலாப் பிரிச்சேன். சரியாத்தானே இருக்கு?"

சரியாகத்தான் இருந்தது அண்ணா. முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள், நானும் மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அந்த நேரத்தில் நான் அதைச் செய்திருக்கக் கூடாது. என் முகத்தை ஸ்நேஹா பார்த்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கிளம்பிவிட்டாள்.

இவன் போய்க் கூப்பிடவில்லை. தப்பே செய்யாதபோது எதற்குப் போக வேண்டும் என்கிறான். அவளும் வரவில்லை. போன வாரம் ஒரு வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தான். இருவரும் சம்மதித்தால் சண்டை இல்லாமல் முடித்துவிடலாமாம், ஆனால் ஒரு வருஷம் தனித்தனியாக இருந்திருக்க வேண்டுமாம். மார்ச்சிலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். காய்கறிக்காரியிடம்கூட ஸ்நேஹா ஷூட்டிங் விஷயமாக வெளியூர் போயிருக்கிறாள் என்றுதான் சொல்லிவைத்திருக்கிறேன்.

உங்கள் காசோலையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடுங்கள். நம் மனுஷாளிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம்.

ஜெயா

*

அபிராமபுரம்
4 ஜூலை 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஆசீர்வாதம். கடிதம் கிடைத்தது. படித்தேன், கிழித்தேன்.

ஒரு வருஷம் தனியாக இருக்க வேண்டும் என்பது நீதிமன்றத்தின் விதி. மூன்று மாதத்துக்குள் காசாக்க வேண்டும் என்பது வங்கியின் விதி. இரண்டும் ஒன்றோடொன்று மோதவில்லை. வங்கியின் கெடு ஆகஸ்ட் இருபத்திரண்டு. நீதிமன்றத்தின் கெடு அடுத்த மார்ச். எனவே வங்கி வேலையை முதலில் முடித்துவிடலாம். இன்றைய தேதியில் அவர்கள் சட்டப்படி தம்பதிதான். 'மற்றும்' என்று நான் எழுதியதில் பிழை இல்லை.

காசோலையை மறுபடி உனக்கு அனுப்பவில்லை. ஷண்முகப்ரியாவிடம் கொடுத்து வைத்திருக்கிறேன். இருவரும் நேரில் வந்து கூட்டுக் கணக்குத் தொடங்கினால் அதில் வரவு வைப்பாள். வர வேண்டிய தேதி, கொண்டுவர வேண்டிய ஆவணங்கள் ஆகியவற்றை விளக்கி இருவருக்கும் தனித்தனியே எழுதிவிட்டேன். முப்பத்தெட்டு வருஷ வேலையில் தீராத கணக்கு எதையும் மேஜையில் விட்டுவிட்டு நான் வீட்டுக்குப் போனதில்லை என்றும், இந்த ஒரு காசோலையால் எனக்குத் தூக்கம் கெடுகிறது என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். வேறு எதையும் குறிப்பிடவில்லை.

மிக்ஸி பற்றி இனி கேட்கமாட்டேன். இன்று என் சமையல்காரம்மாவிடம் தேங்காய்த் துவையல் அரைக்கச் சொல்லி, டப்பாவில் போட்டு, ஆட்டோவில் அனுப்பியிருக்கிறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பவும்.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
28 ஜூலை 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். துவையலில் உப்பு கொஞ்சம் தூக்கல். டப்பாவை அனுப்பிவிட்டேன்.

நீங்கள் அவர்களுக்குத் தபால் அட்டையில் எழுதுவீர்கள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு ரூபாய் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது? நேற்று ஸ்நேஹா எனக்குப் போன் பண்ணினாள். நான்கு மாதத்தில் முதல் தடவை. "அத்தை, மாமா மூணு கார்டு போட்டுட்டாரு. எங்க அபார்ட்மென்ட் வாட்ச்மேன் இசக்கிமுத்து எல்லாத்தையும் படிச்சுக்கினு கீறாரு. காலையில வேலைக்குப் போறப்ப கேட்ல நிறுத்தி, 'பெரியவர் தூங்காமக் கீறாரும்மா, ஒரு கையெழுத்துதான, போய்ப் போட்டுட்டு வந்துரு'ங்கிறாரு. மாமாவ நிறுத்தச் சொல்லுங்க" என்றாள். பேச்சில் கோபம் இருந்தது, ஆனால் போனை வைக்கும்முன் என் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கேட்டாள்.

இங்கே இவனும் அதையேதான் சொல்கிறான். "மாமாவை நிறுத்தணும்னா போய்க் கணக்கைத் திறந்துதான் ஆகணும். திறந்து, காசை எடுத்து, பாதி பாதியாப் பிரிச்சுண்டு, அன்னிக்கே மூடிடறோம்."

எட்டாம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறார்களாம். நீங்கள் அங்கே இருக்க வேண்டாம் அண்ணா. இருப்பீர்கள் என்று தெரியும்.

ஜெயா

*

அபிராமபுரம்
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஆசீர்வாதம். முழங்கால் பரவாயில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

எட்டாம் தேதி இருவரும் வந்தார்கள். ஆளுக்கொரு வண்டி. ஸ்நேஹா இளைத்திருக்கிறாள். உன் பிள்ளையும் இளைத்திருக்கிறான், ஆனால் அதற்கு உன் ரசம் காரணமாக இருக்கலாம். நான் மூத்த குடிமக்கள் பெஞ்சில், அதாவது நான் வழக்கமாக உட்காரும் இடத்தில், உட்கார்ந்திருந்தேன். ஷண்முகப்ரியா விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டே கேட்டாள்: "பணம் எடுக்கறது எப்படி? யாராவது ஒருத்தர் கையெழுத்து போட்டாப் போதுமா, இல்ல ரெண்டு பேருமா?"

"ரெண்டு பேரும்தான்" என்றாள் ஸ்நேஹா. "அப்பறம் ஆப்ல பார்த்தேன், காணோம்னு சொல்லக் கூடாது."

"ரெண்டு பேரும். அதான் எனக்கும் சேஃப்" என்றான் ஸ்ரீகிருஷ்ணா.

ஆகவே கூட்டுக் கையெழுத்துக் கணக்கு. இதற்கு ஏடிஎம் அட்டை கிடையாது, போன் வசதி கிடையாது. எடுப்பதென்றால் இருவரும் நேரில் வந்து சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஷண்முகப்ரியா சொன்னபோது இருவரும் தலையாட்டினார்கள். கவனித்துக் கேட்டார்களா என்பது சந்தேகம்.

காசோலை சேர்ந்துவிட்டது. பணத்தை எடுத்து, கணக்கை மூட இருபத்திரண்டாம் தேதி மறுபடி வந்தார்கள். அன்று காலை வங்கியில் சர்வர் படுத்துவிட்டது. அரை மணி ஆகும் என்றார்கள். பெஞ்சில் என் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். நடுவில் நான் இருந்ததால் பேச வசதி இல்லை. காபி வேண்டுமானால் எதிரே மாசிலாமணி கடையில் நன்றாக இருக்கும் என்று பொதுவாகச் சொன்னேன். போனார்கள்.

கடையில் நடந்ததை மாசிலாமணியே பிறகு எனக்குச் சொன்னார். இரண்டு காபி, ஒரு வடை. வடை ஒன்றுதான் மிச்சம் இருந்ததாம். சாப்பிட்டுவிட்டு இருவரும் ஒரே நேரத்தில் போனை நீட்டியிருக்கிறார்கள்.

"இன்னா நைனா, போனைக் காட்டிகினு? போர்டு கீது பாரு. கேஷ் மட்டும்."

உன் பிள்ளையிடம் ரொக்கம் இல்லை. ஸ்நேஹாவிடமும் இல்லை. இரண்டு வருஷமாக நோட்டையே தொட்டதில்லை என்று ஸ்ரீகிருஷ்ணா பெருமையாகச் சொன்னானாம்.

"அப்ப வடையையும் போன்லயே துண்ணிருக்கலாம்ல? எதிர்ல பாங்கி. போய் எட்தாந்து குடு. ஹெல்மெட்ட இங்கியே வெச்சிட்டுப் போ" என்றிருக்கிறார் மாசிலாமணி.

இதற்குள் சர்வர் எழுந்துவிட்டது. உள்ளே வந்து முதலில் என்னிடம்தான் நூறு ரூபாய் கேட்டான். என் சட்டைப் பையில் இருந்தது. கணக்கில் இருப்பு வைத்துக்கொண்டு கைமாற்று வாங்குவது நல்ல பழக்கமல்ல என்று சொல்லி மறுத்துவிட்டேன். சீட்டு வாங்கி நூறு ரூபாய்க்கு எழுதினார்கள். அவன் கையெழுத்துப் போட்டுப் பேனாவை அவள் பக்கம் தள்ளினான். அவள் போட்டாள். காசாளர் செபஸ்தியான் சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ரெண்டு பேர் வந்தீங்க?" என்று கேட்டு ஒரே நோட்டாகக் கொடுத்தார்.

கணக்கை மூடும் பேச்சு அதன்பிறகுதான் வந்தது. ஆறு மாதத்துக்குள் மூடினால் கட்டணம் உண்டு என்றாள் ஷண்முகப்ரியா. ஸ்ரீகிருஷ்ணா தொகையைக் கேட்டுவிட்டு, "அப்போ ஆளுக்குப் பாதி நஷ்டம்" என்றான்.

"போட்டுக்கோ, ஆப்ல போட்டுக்கோ" என்றாள் அவள்.

அவன் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. கணக்கை மூடவில்லை. ஹெல்மெட்டை மீட்கப் போனார்கள்.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
13 அக்டோபர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். பதில் எழுத நாளாகிவிட்டது. எழுத ஒன்றும் இல்லை என்பதால்தான்.

ஒன்று கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை காலையில் ஸ்ரீகிருஷ்ணா மீட்டிங் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. பதினோரு மணிக்கு வண்டியை எடுக்கிறான். எங்கே என்று கேட்டால் "பாங்க் வேலைம்மா" என்கிறான். ஐயாயிரம் ரூபாய் இருக்கும் கணக்கில் வாராவாரம் அப்படி என்ன வேலை?

வக்கீல் அனுப்பிய காகிதம் டைனிங் டேபிளிலேயே கிடக்கிறது. அதன்மேல் சூடான பாத்திரத்தை வைக்கிறான். நான் எடுத்து வைக்கவில்லை.

ஜெயா

*

அபிராமபுரம்
3 நவம்பர் 2025

அன்புள்ள ஜெயாவுக்கு,

ஆசீர்வாதம். மழையில் மாடிக்குப் போவதை நிறுத்திவிட்டேன். துணி இப்போது கூடத்தில் காய்கிறது.

நீ கேட்டதற்குப் பதில்: வெள்ளிக்கிழமைதோறும் இருவரும் வருகிறார்கள். நூறு ரூபாய்க்குச் சீட்டு எழுதுகிறார்கள். இருவரும் கையெழுத்துப் போடுகிறார்கள். வாங்கிக்கொண்டு எதிரே போகிறார்கள். தீபாவளிக்கு முந்தின வாரம் மட்டும் இருநூறு எடுத்தார்கள். வங்கி என்பது காபிக்குச் சில்லறை மாற்றும் இடமல்ல. ஒரு சீட்டைச் சரிபார்த்துப் பணம் கொடுக்க வங்கிக்கு எவ்வளவு செலவாகிறது என்பதை ஸ்ரீகிருஷ்ணாவிடம் எடுத்துச் சொன்னேன். "சரி மாமா" என்றான். அடுத்த வெள்ளி மறுபடி நூறு.

செபஸ்தியான் இப்போது அவர்களைப் பார்த்ததுமே நூறு ரூபாய் நோட்டை எடுத்துத் தயாராக வைத்துவிடுகிறார். முறையல்ல என்று அவரிடமும் சொன்னேன். "சார், காதலிக்கிற ஜோடி போல. அங்க வீட்ல ஒத்துக்கல போலருக்கு. விடுங்க" என்றார். அவர்கள் கல்யாணம் ஆனவர்கள் என்று நான் சொல்லவில்லை. வாடிக்கையாளர் விவரத்தை வெளியிடக் கூடாது.

மேலும் மாசிலாமணி போன மாதமே கடையில் போனில் பணம் வாங்கும் அட்டையை மாட்டிவிட்டார். கேஷ் மட்டும் என்ற பலகையை எடுத்துவிட்டார். ஆகவே அவர்கள் ரொக்கம் எடுக்க ஒரு காரணமும் இல்லை. எடுக்கிறார்கள்.

'காசாக்குதல்' கட்டுரை இந்த மாத இதழில் வந்துவிட்டது. ஒரு பிரதி அனுப்பியிருக்கிறேன். கடைசி வரியை மட்டும் மாற்றினேன்: "இருவர் பெயரில் இருப்பதைக் காசாக்க இருவரும் நேரில் வர வேண்டும்." ஆசிரியர் இது எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று வெட்டப் பார்த்தார். விடவில்லை.

அன்புடன்,
ராமானுஜம்

*

அடையாறு
15 டிசம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

நமஸ்காரம். நாளை மார்கழி பிறக்கிறது. விடியற்காலையில் கோயிலுக்குப் போகிறேன் என்று பனியில் கிளம்பாதீர்கள். போவதென்றால் மப்ளர் கட்டிக்கொள்ளுங்கள்.

கட்டுரையைப் படித்தேன். இரண்டு இடத்தில் அச்சுப்பிழை இருக்கிறது. விடுப்பைக் காசாக்கிய உதாரணத்தை நீங்கள் சேர்க்காமல் விட்டதைக் கவனித்தேன். நல்லது.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். நான்கு பேருக்குச் சமைக்கிறேன். ஆட்டோவிலேயே வாருங்கள், பேருந்து வேண்டாம்.

நமஸ்காரங்களுடன்,
ஜெயா

பி.கு.: மிக்ஸி நேற்று வந்துவிட்டது. பெரிய ஜாடிக்கு மட்டும் ரப்பர் வளையம் மாற்ற வேண்டும்.